ரொறன்ரோ வடக்கே இருக்கிறது

கண்டாவளையில் நின்று ரொறன்ரோ எந்தப் பக்கம் என்று கேட்டால் அநேகமானோர் மேற்கே கை காட்டுவார்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப்படம் அப்படிப் பழக்கிவிட்டது. உண்மையில் கையை ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம் நீட்டவேண்டும். அதாவது வடக்கே; மேற்காக ஒரு 17 பாகை சரித்தால் போதும்.

நம்பாதவர்கள் உலக உருண்டையொன்றை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலொன்றை இறுக்கிப் பிடித்துப் பார்க்கலாம். நூல் தானாகவே மேலேறும். பெஷாவர், சமர்கந்துப் பக்கமாகப் போய் ரஷ்யாவுக்குள் நுழையும். மூர்மன்ஸ்க் அருகே ஆர்க்டிக் கடலைத் தொட்டு, கிறீன்லாந்தைக் குறுக்கறுத்து, கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு இறங்கும். அதன் உச்சி ஏறத்தாழ 73 பாகை வட அகலாங்கில். மொத்த நீளம் சுமார் 13,800 கிலோமீற்றர். மெர்க்காட்டர் படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறுகிற நேர்கோட்டிலேயே பறந்தால் 16,000 ஆகிவிடும்!

இரண்டு ஊருக்கும் நெட்டாங்கு வித்தியாசம் 160 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகையைக் கிழக்கு மேற்காகக் கடக்க 111 கிலோமீற்றர் போகவேண்டும். 60 பாகை வடக்கில் அதில் பாதி போதும். 73இல் 33கூட இல்லை. பூமி ஒடுங்கிய இடத்தில் குறுக்கே கடப்பதுதான் லாபம்.

இந்தக் கோட்டில் நேரடி விமானம் கிடையாது. விமானத்தால் முடியாது என்றில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை 18 மணித்தியாலத்துக்கு மேல் இடையில் இறங்காமலே பறக்கிறார்கள். கொழும்பில் அப்படியொரு விமானத்தை நாள்தோறும் நிரப்ப ஆள் சேராது என்பதே என் கணிப்பு.

ஆகவே நம்மவர்கள் துபாயிலோ டோஹாவிலோ மாறிப் போகிறார்கள். கேட்கச் சுற்றுவழி போலிருக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ நேராக 14,000 கிலோமீற்றர். துபாய் வழியே 3,300உம் 11,100உம், ஆக 14,400. கூடுவது 400தான். ஆகாயத்தில் செலவாவது 18, 19 மணித்தியாலம்.

நேரம் கரைவது தரையில்தான். கண்டாவளையிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து ஏ9 வீதியைப் பிடித்தால் கட்டுநாயக்காவுக்கு 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். அதே தூரத்தை மேலே போகும் விமானம் இருபது நிமிடத்தில் முடித்துவிடும். புறப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் முன்னரே போய் நிற்பதும், இடையில் இறங்கிக் காத்திருப்பதும் வேறு. பயணப்பையை எத்தனை தரம் நிறுத்துப் பார்த்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடிகாரமும் தன் பங்குக்கு விளையாடும். மாரிகாலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னே. விடியப்புறம் கட்டுநாயக்காவில் ஏறியவர் அதே திகதியில் அங்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது அந்தப் பத்தரையும் பறிபோகும்: வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறுதான் ஊர். ஆனாலும் பறக்கும் நேரம் சற்றுக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்று அப்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும்; துபாய் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மிச்சம்.