உஷார்! கார்ட்டூனில் ஒளி வெட்டி வெட்டி மின்னுகிறதா?

இரவு ஒன்பது மணி. விளக்கை அணைத்தாயிற்று. போர்வைக்குள் பிள்ளை, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போன், அதில் கார்ட்டூன் சண்டைக் காட்சி. இது உங்கள் வீட்டில் வழக்கம் என்றால், முதலில் எழுந்துபோய் விளக்கைப் போடுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும் என்ற எச்சரிக்கைகளை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். இங்கே சொல்லப்போவது வேறு. திரையில் சில விநாடிகள் வேகமாக மின்னும் ஒளி, அதுவரை எந்த நோயும் இல்லாத ஒரு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆம்புலன்ஸில் ஏற்றிய சம்பவம் நடந்தே இருக்கிறது.

டிசம்பர் 16, 1997

ஜப்பானில் ‘போக்கிமான்’ முதலில் வீடியோ கேம். நின்டென்டோவின் கேம்பாய் கருவிக்காக 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. அதைத் தழுவிய அனிமேஷன் தொடர் 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கியது. சில மாதங்களிலேயே, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி என்றால் பிள்ளைகள் டிவியை விட்டு நகர மாட்டார்கள் என்ற நிலை வந்துவிட்டது.

டிசம்பர் 16 அன்று 38ஆவது எபிசோட். கணினிக்குள் நுழைந்துவிட்ட சிறுவன் சதோஷியும் நண்பர்களும் தப்பி வருகிறார்கள். அவர்களை வைரஸ் என்று நினைத்து, வைரஸ் ஒழிப்பு மென்பொருள் ஏவுகணைகளை வீசுகிறது. சதோஷியின் துணையான பிக்காச்சு என்ற கற்பனை உயிரினம் தன் மின்னலால் அவற்றை அடிக்கிறது. வெடிப்பைக் காட்டுவதற்காகத் திரை முழுவதும் சிவப்பும் நீலமும் மாறி மாறி, விநாடிக்குச் சுமார் 12 முறை வெட்டியது. சில விநாடிகள்தான். மணி 6.51.

நாட்டின் பல மூலைகளிலும் பிள்ளைகள் டிவி முன்னாலேயே சரிந்தார்கள். சிலருக்குக் கைகால் வெட்டி இழுத்தது. சிலருக்கு நினைவு தப்பியது. சிலருக்குப் பார்வை மங்கி, தலை சுற்றி, வாந்தி வந்தது. ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 685 பேர். அன்றிரவே செய்தி நிகழ்ச்சிகளில் என்ன நடந்தது என்று விளக்குவதற்காக அதே காட்சியை மறுபடி ஒளிபரப்பினார்கள். அதைப் பார்த்தும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள்.

நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. அத்தனை பேருக்கும் வந்தது வலிப்புதான் என்றும் சொல்ல முடியாது. தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்து அன்றே வீடு திரும்பியவர்கள் பலர். அடுத்தடுத்த நாட்களில் தங்களுக்கும் ஏதோ செய்கிறது என்று சொன்ன ஆயிரக்கணக்கானோரில், பயத்தாலும் பேச்சாலும் பரவிய அறிகுறிகளும் கலந்திருந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பலருக்கு வந்தது உண்மையான வலிப்பு என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குமுன் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இல்லை’ என்ற தைரியம் இங்கே செல்லாது.

முன்னரே மணி அடித்தது

இது முன்னறிவிப்பே இல்லாமல் வந்த விபத்து அல்ல. அதே 1997 மார்ச் 29 அன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒளிபரப்பிய ஒரு விண்வெளி அனிமேஷன் தொடரைப் பார்த்த நான்கு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதிலும் சிவப்பொளி வெட்டும் காட்சி இருந்தது. அப்போது யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பிரிட்டனில் 1993இலேயே ஒரு நூடுல்ஸ் விளம்பரத்தைப் பார்த்துச் சிலருக்கு வலிப்பு வந்து, அங்கே மின்னும் காட்சிகளுக்கு விதிமுறை எழுதப்பட்டுவிட்டது. ஜப்பானில் விதி எழுத 685 பிள்ளைகள் ஆம்புலன்ஸ் ஏற வேண்டியிருந்தது.

அதன்பின் விழித்துக்கொண்டார்கள். தொடர் நான்கு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு 1998 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்த எபிசோட் மறுபடி எந்த நாட்டு டிவியிலும் ஒளிபரப்பாகவில்லை. அதே ஏப்ரலில் என்.எச்.கே.யும் தனியார் ஒளிபரப்பாளர் சங்கமும் சேர்ந்து விதிமுறை கொண்டுவந்தன. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி மின்னக் கூடாது. அடர் சிவப்பு மின்னலுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. திரையை அடைத்துக்கொள்ளும் கோடுகள், சுழல்கள், வட்டங்களைத் தவிர்க்க வேண்டும். ‘அறையை வெளிச்சமாக வைத்து, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள்’ என்ற வாசகம் சிறுவர் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வர ஆரம்பித்தது. இன்றைக்கும் வருகிறது.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் பின்பகுதியில் பார்வையைக் கவனிக்கும் நரம்புச் செல்கள் சாதாரணமாகத் தனித்தனி வேலையில் இருக்கும். திரையின் பெரும்பகுதி ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி மின்னும்போது, கோடிக்கணக்கான செல்கள் அதே தாளத்தில் ஒன்றாகத் துடிக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலோரின் மூளை அதை அடக்கிவிடும். சிலரின் மூளையால் அடக்க முடியாது. அந்தத் துடிப்பு மற்ற பகுதிகளுக்கும் பரவுகிறது. அதுதான் வலிப்பு.

விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி ஆபத்தானது. 15 முதல் 25 வரை இன்னும் மோசம். அடர் சிவப்பு எல்லா நிறங்களையும்விடக் கொடியது. இருட்டறை ஆபத்தைக் கூட்டுகிறது, ஏனென்றால் கண்மணி விரிந்திருக்கும். சுற்றிலும் வேறு வெளிச்சமும் இருக்காது. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அப்படித்தான், பார்வை முழுவதையும் அந்த ஒளியே நிரப்பிவிடும். தூக்கம் கெட்டிருந்தால், பசியோடு இருந்தால், காய்ச்சலில் கிடந்தால் தாங்கும் சக்தி இன்னும் குறையும்.

இப்படி ஒளியால் வலிப்பு வரும் தன்மை மொத்த மக்களில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கேட்க அபூர்வமாகத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் தலைகாட்டுவது 7 முதல் 19 வயதுக்குள். நம் பிள்ளைகள் கார்ட்டூனிலும் கேமிலும் மூழ்கிக் கிடக்கும் வயது அதுவே. மின்னும் ஒளி எதிரே வரும்வரை, அந்தத் தன்மை இருப்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது.

அன்றைவிட இன்று ஏன் கூடுதல் கவனம்?

1997க்குப் பிறகு ஜப்பானில் வந்த அந்த விதிகள் டிவி நிலையங்களுக்கானவை. ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன் மின்னல் சோதனை செய்வார்கள். உங்கள் பிள்ளை இன்று பார்ப்பது டிவி நிலையம் சோதித்து அனுப்பியதையா? யாரோ ஒருவர் சண்டைக் காட்சிகளை மட்டும் வெட்டி, பாட்டுக்குத் தக்கபடி வெள்ளை மின்னலும் சிவப்பு மின்னலும் சேர்த்து, வேகத்தைக் கூட்டிப் பதிவேற்றிய முப்பது விநாடி வீடியோவை அது பார்க்கிறது. கேம்களின் பேரிலும் கார்ட்டூன்களின் பேரிலும் இப்படிப்பட்ட வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. பதிவேற்றியவர் விநாடிக்கு எத்தனை மின்னல் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு விரல் தள்ளினால் அடுத்தது, இன்னொன்று தள்ளினால் அதற்கடுத்தது.

‘போனில் திரை சின்னதுதானே’ என்று நினைக்க வேண்டாம். அதை முகத்தருகே பிடித்தால் பார்வையை நிரப்பிவிடும். இந்தக் காலத்து டிவிகளோ அன்றைய பெட்டிகளைவிடப் பல மடங்கு பெரியவை, பிரகாசமும் அதிகம். 1997இன் அந்தக் காட்சியே இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘இதைப் பார்த்தால் மயக்கம் வருமாம், பார்க்கிறாயா?’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் சவாலுக்கு இழுக்கும் சரக்கு அது. ஆர்வத்தில் நீங்களும் தேடிப் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு வருகிறதா என்று சோதிக்கவும் காட்டாதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில், மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. கருவியோடுதான் செய்ய வேண்டும்.

வேண்டுமென்றே கெடுதல் செய்பவர்களும் இருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மின்னும் படங்களைக் குறிவைத்து அனுப்பும் கொடுமை வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. அதைக் குற்றமாக்கி 2023இல் பிரிட்டன் தன் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவே சேர்த்தது.

இந்த அறிகுறிகளைத் தள்ளிவிடாதீர்கள்

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதறுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை சில விநாடிகள் அப்படியே உறைந்து வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருப்பது, கையோ தோளோ சட்டென்று துள்ளுவது, கண் இமை படபடப்பது, கையில் இருப்பது நழுவி விழுவது, பார்த்து முடித்ததும் குழப்பமாகப் பேசுவது: இவற்றில் எது ஒருமுறைக்கு மேல் தெரிந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன பார்த்தபோது வந்தது, எந்த நேரம், முந்தைய இரவு எவ்வளவு தூங்கியது என்று குறித்துக்கொண்டு போங்கள். வீட்டில் இன்னொருவர் அந்தச் சமயத்தைப் போனில் படம்பிடித்திருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இன்றே செய்ய வேண்டியவை

அறையில் விளக்கு எரியாமல் திரை ஓடக் கூடாது. இதை வீட்டுச் சட்டமாக்குங்கள்.

டிவி என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் தள்ளி உட்காரட்டும். போனைக் கையை நீட்டிப் பிடிக்கட்டும். பிரகாசத்தைக் குறைத்து வையுங்கள்.

தூக்கம் கெட்ட நாளிலும் காய்ச்சல் நாளிலும் கேமும் சண்டைக் கார்ட்டூனும் வேண்டாம்.

புது கேம் தொடங்கும்போது வரும் வலிப்பு எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். அமைப்புகளில் ‘திரை அதிர்வு’ இருந்தால் அணைத்து வையுங்கள், ‘மின்னல் குறைப்பு’ போன்ற வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஐஃபோனில் மின்னும் ஒளியை மங்கச் செய்யும் வசதி உண்டு. அது எல்லா வீடியோவுக்கும் வேலை செய்யாது என்பதால் அதை நம்பி மட்டும் இருந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது: திரை வெட்டி வெட்டி மின்னினால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, முகத்தைத் திருப்பிக்கொள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினால் போதாது. இமை வழியாகவும் ஒளி உள்ளே போகும். ஒரு கண் மறைந்தால் மூளைக்குப் போகும் தாக்கம் வெகுவாகக் குறைகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகூடக் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. நாலைந்து முறை விளையாட்டாகச் செய்யவைத்துப் பழக்குங்கள்.

வலிப்பு வந்தேவிட்டால்

திரையை அணையுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள். மணியைப் பாருங்கள்.

சாவிக்கொத்து வேண்டாம். இரும்புத் துண்டு வேண்டாம். அவற்றைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்காது. தானாக அடங்கும் நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் வந்த நம்பிக்கை அது. வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். முதல்முறை வந்த வலிப்பு என்றாலும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், அடுத்தடுத்து வந்தாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். இலங்கையில் 1990.

அதன்பின் மறைக்காதீர்கள். பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் தடை வரும் என்று மூடிவைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒளியால் வரும் வலிப்பு, மருந்துக்கும் முன்ஜாக்கிரதைக்கும் நன்றாகக் கட்டுப்படும். சிலருக்கு வயது ஏற ஏறத் தானாகவே மறையும். மறைத்துவைத்தால், அது பிள்ளையைத் தண்ணீரிலும் மாடியிலும் சாலையிலும் தனியாக இருக்கும் நேரத்தில் பிடிக்கக்கூடும்.

போக்கிமானையோ வேறு கார்ட்டூனையோ தடைசெய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் பார்க்கட்டும், சிரிக்கட்டும். ஆனால் டிவி நிலையத்தில் உட்கார்ந்து மின்னலை எண்ணிய அந்தக் காவலாளி உங்கள் பிள்ளையின் போனில் இல்லை. அந்த வேலை இப்போது உங்களுடையது. இந்த வாரத்திலேயே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அது என்னென்ன பார்க்கிறது என்று நீங்களும் பாருங்கள். வெட்டி வெட்டி மின்னுவதை அங்கேயே நீக்குங்கள். பாட்டி வீட்டுக்கும், டியூஷன் அக்காவுக்கும், பள்ளி வேன் ஓட்டும் அண்ணனுக்கும் அந்த உள்ளங்கை வித்தையைச் சொல்லிவையுங்கள்.