பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கப் போறீங்களா? பணத்தை நீட்டும் முன் இதைப் படிங்க!

சென்னை:

செல்போனில் படம் எடுத்துப் பழகிய பலருக்கும் ஒரு கட்டத்தில் "நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும்" என்ற ஆசை வந்து விடுகிறது. மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழா, காசிமேட்டில் விடியற்காலை மீன் வியாபாரம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பறவைகள் என்று சென்னையில் படம் எடுக்க விஷயத்துக்கா பஞ்சம்?

ஆனால் புது கேமரா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாதச் சம்பளக்காரர், தினக்கூலிக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பலரும் இப்போது பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா பக்கம் திரும்புகிறார்கள்.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. விவரம் தெரிந்து வாங்கினால் பல வருஷம் உழைக்கும். தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், சில நேரம் போலீஸ் நிலைய வாசலிலும் நிற்க வேண்டி வரும்.

ஏன் மலிவு?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், பின்னால் உள்ள சென்சாரில் படம் பதிவாகும். அந்த 'சடக்' சத்தம் அதனால்தான்.

இந்தக் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள் வந்த பிறகு கம்பெனிகள் அந்தப் பக்கம் போய் விட்டன. 2020-ல் கேனான் 850டி, நிக்கான் டி6 போன்றவை வந்ததோடு சரி. அதன் பிறகு இந்த 2 கம்பெனிகளும் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் இறக்கவில்லை. சோனி 2021-லேயே அந்த வகையைக் கைவிட்டு விட்டது.

கல்யாண போட்டோகிராபர்களும் மிரர்லெசுக்கு மாறுவதால், அவர்களின் பழைய கேமராக்கள் விலைக்கு வருகின்றன.

அப்படியென்றால் இது காலாவதியான சரக்கா? இல்லை. படத்தின் தரம் குறைந்து விடவில்லை. பேட்டரி விஷயத்தில் டி.எஸ்.எல்.ஆர். இன்னும் கில்லாடிதான். 2018-ல் வந்த நிக்கான் டி3500 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படம் வரை எடுக்கும் என்பது கம்பெனி கணக்கு. சிறிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் சில நூறு படங்களிலேயே சார்ஜ் கேட்கும்.

மெகாபிக்சல் மயக்கம் வேண்டாம்

"எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. கேனான் 1500டி, 200டி மார்க் 2 இரண்டும் 24.1 மெகாபிக்சல். நிக்கான் டி3500, டி5600 இரண்டும் 24.2. கேனான் 3000டி 18. வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு பிரிண்ட் போட 18-ஏ தாராளம்.

படத்தை நிஜமாக மாற்றுவது லென்ஸ்தான். கேமராவோடு வரும் 18-55 எம்.எம். லென்ஸ் பகல் வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். ராத்திரி சாமி புறப்பாட்டில் திணறும்.

அதற்கு எப்/1.8 என்று எழுதியிருக்கும் 50 எம்.எம். அல்லது 35 எம்.எம். லென்ஸ் தேவை. 18-55 லென்சை முழுக்க ஜூம் செய்தால் எப்/5.6-தான் கிடைக்கும். அதை விட 9 மடங்குக்கு மேல் வெளிச்சத்தை எப்/1.8 உள்ளே விடும். முகம் தெளிவாகவும், பின்னணி மங்கலாகவும் வருவதும் இதனால்தான்.

பறவை எடுக்க ஆசை என்றால் 250 அல்லது 300 எம்.எம். வரை போகிற லென்ஸ் வேண்டும். கேனானின் சிறிய சென்சாரில் 250 எம்.எம். லென்ஸ் 400 எம்.எம். அளவுக்குக் கிட்டே இழுத்துக் காட்டும்.

ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவில் போடாதீங்க. மூன்றில் ஒரு பங்கை லென்சுக்கு ஒதுக்குங்க.

கடைக்காரர் சொல்லாத சங்கதிகள்

* நிக்கான் டி3500, டி5600 போன்ற மாடல்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. 'ஏ.எப்-டி' என்று எழுதிய பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். மாட்டினால் தானாக போகஸ் ஆகாது. 'ஏ.எப்-எஸ்' என்று இருக்கிறதா பாருங்க. டி7200, டி7500-ல் மோட்டார் உண்டு.

* கேனானில் 'ஆர்.எப்.' என்று எழுதியவை மிரர்லெஸ் லென்ஸ்கள். டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே முடியாது. 'இ.எப்.' அல்லது 'இ.எப்-எஸ்' கேட்டு வாங்குங்க. நாளைக்கு மிரர்லெசுக்கு மாறினாலும் இந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டு பயன்படுத்தலாம்.

* கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் மேலே பிளாஷ் மாட்டும் இடத்தில் நடு பின் இல்லை. மற்ற கம்பெனிகளின் சாதாரண மலிவு பிளாஷ் இதில் எரியாது.

* 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். அடிக்கடி லென்ஸ் மாற்றுபவர்களுக்கு 1500டி மேல்.

வாங்கும் இடத்திலேயே சோதனை

சொந்த மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச் இரண்டையும் கையோடு கொண்டு போங்க.

1. ஷட்டர் கணக்கு: கார், பைக்குக்கு கிலோ மீட்டர் மாதிரி கேமராவுக்கு ஷட்டர் கணக்கு. தொடக்க நிலை மாடல்களின் ஷட்டர் சுமார் 1 லட்சம் 'கிளிக்' தாங்கும். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரம், இரண்டாயிரம் கிளிக் போய் விடும். நிக்கானில் எடுத்த படத்தின் பைலிலேயே இந்த எண் பதிவாகி இருக்கும். கேனானில் பெரும்பாலும் அதற்கான சாப்ட்வேர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

2. பூஞ்சை: லென்சைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் தொடாதீங்க.

3. சென்சார்: எப்/16-ல் வைத்து வெறும் வானத்தைப் படம் எடுங்க. கரும்புள்ளி தெரிந்தால் தூசி. சுத்தம் செய்து விடலாம். ஆனால் கீறல் என்றால் வேண்டாம்.

4. வெளித்தோற்றம்: பிளாஷ் மாட்டும் இடத்தில் பெயிண்ட் உரிந்து, ரப்பர் பிடி தளர்ந்திருந்தால் தினமும் தொழிலுக்கு ஓடிய கேமரா. "வீட்டுல சும்மா வெச்சிருந்தது சார்" என்ற பேச்சை நம்பாதீங்க.

பில் இல்லையா? உஷார்!

மிக முக்கியமான விஷயம் இது. நடு ரோட்டில் நின்று பாதி விலைக்கு கேமராவை நீட்டினால் ஆசைப்பட வேண்டாம். அது திருட்டு கேமராவாக இருக்கலாம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கு வராவிட்டாலும், போலீஸ் கேமராவைப் பறிமுதல் செய்தால் கொடுத்த பணம் கோவிந்தாதான்.

கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண்ணும், பில்லில், அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்க. விற்பவரிடம் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கிங்க. ரொக்கத்தை விட வங்கி வழியாகப் பணம் அனுப்புவது நல்லது. ஆதாரம் இருக்கும்.

மழைக்காலத்தில் பத்திரம்

சென்னையின் ஈரக்காற்று லென்சுக்கு எமன். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிப்பது உறுதி.

இதற்கு பெரிய செலவு தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில போதும். நீல நிற சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து ரோஸ் நிறமாக மாறினால், சூடுபடுத்திக் காய வைத்து மறுபடி போடலாம். அரிசி டப்பாவில் மட்டும் வைக்காதீங்க. அரிசித் தூசு லென்சுக்குள் போய் விடும்.

வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்க. ஓடுகிற கேமராதான் கெடாது.