சிறுநீர்ச் சோதனை கூறும் இதயச் செய்தி

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் உயர் இரத்த அழுத்த நோயாளிகளின் கோப்புகளில் அழுத்தக் குறிப்பும் இ.சி.ஜி. தாளும் தவறாமல் இருக்கின்றன. சிறுநீரில் அல்புமின் அளவைக் காட்டும் அறிக்கையோ பலவற்றில் இருப்பதில்லை. “சிறுநீர் நன்றாகத்தானே போகிறது, அந்தச் சோதனை எதற்கு?” எனக் குடும்பத்தினர் வினவுகின்றனர். அதற்கான விடை இதயத்தைப் பற்றியது.

சிறுநீரகத்தின் வடிகட்டிகள் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களால் ஆனவை. நெடுநாள் உயர் அழுத்தத்தால் அவை பழுதுறும்போது, இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. அங்கே குழாய்கள் பழுதுற்றிருந்தால், இதயத்திலும் மூளையிலும் உள்ள குழாய்களும் பாதிப்படைந்திருக்கக்கூடும். ஆகவே இக்கசிவு உள்ளோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் நேரும் வாய்ப்பு மிகுதி. சிறுநீரக நோயுற்றோரில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்பே இதய நோயால் இறக்கின்றனர்.

இரண்டு சோதனைகள் இதனைக் காட்டும். முதலாவது, காலையில் முதன்முதல் கழிக்கும் சிறுநீரில் பார்க்கும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமையானது. இரண்டாவது, இரத்தக் கிரியாட்டினினைக் கொண்டு கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அது 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்வர். கிரியாட்டினின் இயல்பாக இருக்கும்போதே அல்புமின் கசியலாம். எனவே ஒரு சோதனை மற்றொன்றுக்கு ஈடாகாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் கசிவைத் தற்காலிகமாக உயர்த்தும். ஆதலால் ஒரே அறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். மீண்டும் சோதித்தே உறுதி செய்வோம்.

எளிய சோதனையால் நோயை முன்னரே கண்டறியலாம் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. மருத்துவர் எம்.கே. மணியின் தலைமையில் சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், கிராமங்களில் வீடுதோறும் சிறுநீரைச் சோதித்து, அழுத்தம் அளந்து, விலை மலிந்த மருந்துகளாலேயே சிகிச்சை அளித்தது.

கசிவு கண்டால் செய்யத்தக்கவை பல. சில அழுத்த மாத்திரைகள் கசிவையும் குறைக்கின்றன. அழுத்தம் சீரானதும் அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டிலும் உப்பு உண்டு என்பதை மறவாதீர். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகளைத் தவிர்ப்பீர்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுவோரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது கோப்பைப் புரட்டிப் பாருங்கள். அவ்வறிக்கை இல்லையெனில், மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.