வகுப்பறையில் ஒரு துணை ஆள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலருக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் இருந்தால் மட்டும் போதாது. கழிப்பறைக்குக் கூட்டிப்போக, மதியச் சோற்றைப் பிசைந்து கொடுக்க, பென்சிலைச் சுற்றி விரல்களை மடக்கிவிட ஓர் ஆள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, தேவைக்கேற்ற ஆதரவு தருவதைப் பள்ளிகளின் கடமையாக்கியது.

தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு. ஆனால் பயிற்றுநர் வராத நாளில் வகுப்பில் துணையிருக்கும் வேலை தாயின் தலையில்தான் விழும். போடிநாயக்கனூர்ப் பக்கம் அது லேசான காரியமல்ல. ஏலக்காய் பறிக்கும் பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. குரங்கணிக்கு மேலுள்ள மலைக் குடியிருப்புகளிலோ பள்ளிக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

நல்ல உதவியாளர் எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவதில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, அடுத்ததைக் குழந்தையின் கைக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பார். அதற்குப் பயிற்சி வேண்டும். பொறுமை அதைவிட அதிகம் வேண்டும்.