இலத்தீன் பேசிய தெருக்கள்

மொழியின் பெயரால் ஊர்ப்பகுதி ஒன்று அழைக்கப்படுவது அரிது. பாரிஸ் மாநகரில் செய்ன் ஆற்றின் தென்கரையில் அப்படி ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் இலத்தீன் வட்டாரம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி ஐரோப்பாவில் ஒரு பருவம் பயின்றபோது, விடுமுறையில் மூன்று நாள் அங்கே சுற்றித் திரியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்தப் பெயரின் பின்னணியை இக்கட்டுரையில் பகிர விரும்புகிறேன்.

பெயர் வந்த கதை

இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் பாரிசுக்கு வந்தனர். ஆங்கிலேயர், ஜெர்மானியர், இத்தாலியர் என ஒவ்வொருவருக்கும் ஒரு தாய்மொழி இருந்தது. பாடமும் விவாதமும் இலத்தீனில் நடந்தன. ஒருவரோடொருவர் பேசவும் அதுவே பொதுமொழி. அதனால்தான் இப்பெயர்.

1257-இல் ரொபேர் டி சோர்போன் என்ற பாதிரியார் ஏழை இறையியல் மாணவர்களுக்காக ஒரு கல்லூரியை நிறுவினார். புகழ்பெற்ற சோர்போன் அதன் பெயரைத் தாங்கியதே. அருகில் ஃபுவார் என்றொரு சிறிய தெரு உள்ளது. பழைய பிரெஞ்சில் அச்சொல்லுக்கு வைக்கோல் என்று பொருள். அக்கால மாணவர்கள் தரையில் பரப்பிய வைக்கோலில் அமர்ந்தே பாடம் கேட்டனர்!

அவர்கள் அடங்கி ஒடுங்கிப் படித்தவர்கள் அல்லர். 1229-இல் மதுக்கடையில் தொடங்கிய கைகலப்பின் தொடர்ச்சியாகக் காவலர்கள் மாணவர் சிலரைக் கொன்றனர். ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்புகளை நிறுத்திவிட்டு நகரைவிட்டே வெளியேறினர். 1231-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகரி பல்கலைக்கழகத்தின் உரிமைகளை உறுதிசெய்து ஆணை பிறப்பித்தார்.

வறுமையும் கனவும்

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், பழைய பல்கலைக்கழகம் கலைக்கப்பட்டது. இலத்தீனும் மெல்ல மறைந்தது. ஆயினும் மாணவர்கள் போகவில்லை. கையில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவர்களோடு சேர்ந்தனர். இவர்களின் குளிரையும் பசியையும் நட்பையும் ஆன்றி முர்ஜே கதைகளாக எழுதி 1851-இல் நூலாக்கினார். புச்சினியின் 'லா போஎம்' இசை நாடகம் (1896) அக்கதைகளிலிருந்து பிறந்ததே.

அது வெறும் கதையன்று. 1891-இல் போலந்திலிருந்து சோர்போனில் படிக்க வந்த மரியா என்ற இளம்பெண் இங்கே ஒரு மாடி அறையில் தங்கினார். குளிர்காலத்தில் பாத்திரத்து நீர் உறைந்துவிடும். இருக்கும் உடைகளை எல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு தூங்குவாராம். அவர்தான் மேரி கியூரி. 1995 முதல் அதே வட்டாரத்தின் பாந்தியோன் மண்டபத்தில் அவர் உறங்குகிறார்.

1931-இல் மார்த்தினிக் தீவிலிருந்து வந்த எமே செசேர், செனகலிலிருந்து வந்த செங்கோர் என்பவரை இங்குள்ள லூயி லெ கிரான் பள்ளியில் சந்தித்தார். கறுப்பினத்தவரின் பண்பாட்டுப் பெருமையைப் பேசிய நெக்ரித்யூத் இயக்கம் இவர்களின் நட்பில் வளர்ந்தது. 1968 மே மாதத்தில் மாணவர்கள் தெருக்கற்களைப் பெயர்த்துத் தடுப்பு அமைத்துப் போராடியதும் இத்தெருக்களில்தான்.

இன்று

இன்று இங்கே வாடகை ஏழை மாணவருக்கு எட்டாதது. சென் மிஷேல் சதுக்கத்தின் பழம்பெரும் புத்தகக் கடைகள் சில 2021-இல் மூடப்பட்டன. இலத்தீன், கட்டடங்களின் கல்வெட்டுகளில் இருக்கிறது. பேச்சில் இல்லை.

வைக்கோல் தெருவில் நின்று இதையெல்லாம் என் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது, நான் பேசியது ஆங்கிலம். இருவருமே ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். புகுமுக வகுப்புக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் சென்றபின், தமிழ் எங்களுக்கு வாரத்தில் ஒருநாள் பாடமாகச் சுருங்கியது. இலத்தீன் அம்மாணவர் எவருக்கும் தாய்மொழியன்று. இருந்தும் அறிவை எல்லாம் அதில் பேசினார்கள். எங்களுக்குத் தமிழ் தாய்மொழி. அதில் நாங்கள் வணக்கமும் வரவேற்புரையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபின் பேரவை அறையில் என் மண் ஆய்வுக்கூட அறிக்கையை முதலாமாண்டுத் தம்பி ஒருவனுக்குத் தமிழில் விளக்க முயன்றேன். மூன்றாம் வாக்கியத்திலேயே சொல் கிடைக்காமல் நின்றேன். "தாங்குதிறன்னு சொல்லலாமாக்கா?" என்றான் அவன். சொல்லலாம். அன்றிரவு அறிக்கை முழுவதையும் பேசி முடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.