குழந்தை கேட்ட கேள்வி

ராத்திரி சாதம் பிசைந்து கொடுக்கும்போது என் பெண்ணுக்குக் கதை சொல்வது வழக்கம். அன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொன்னேன். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பையன்கள் படிக்கும் காலேஜில் பெண்ணா என்று எதிர்த்தார்கள். படித்து 1912-ல் டாக்டரானார். சின்னப் பெண்களுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டசபையில் எதிர்த்தார். 1947-ல்தான் தடைச் சட்டம் வந்தது.

"ஏம்மா, வேலைக்கு வர்ற ஆயாவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?" என்றாள் திடீரென்று.

(நல்ல கதை சொன்னால் இப்படியும் மாட்டிக்கொள்வோம், தோழிகளே!)

"பாட்டி காலத்துப் பழக்கம்டி" என்று மழுப்பினேன்.

"அந்த டாக்டர்கிட்டயும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க?"

மறுநாளே அந்த அலுமினிய டம்ளரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. ஆயாவோ எவர்சில்வர் டம்ளரைத் தயங்கி வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் கொல்லைப்பக்கம் திரும்பினார்.

"இங்கேயே உட்காருங்க ஆயா" என்றாள் என் பெண்.