'பஸ்' என்னும் வேற்றுமை உருபு

'பேருந்து' என்று எழுதுகிறோம். பேசும்போது பெரும்பாலும் 'பஸ்' என்கிறோம். உண்மையில் 'பஸ்' ஒரு முழுச்சொல் அன்று. அது இலத்தீன் மொழிப் பெயரடை ஒன்றின் இறுதிப்பகுதி.

அந்தப் பெயரடை 'ஒம்னிஸ்'. 'எல்லா' என்பது அதன் பொருள். தமிழில் பெயரடை மாறுவதில்லை. 'நல்ல மாணவன்', 'நல்ல மாணவர்களுக்கு' என எங்கு வந்தாலும் 'நல்ல' அப்படியே நிற்கும். உருபு பெயருடன்தான் சேரும். இலத்தீனிலோ பெயர் ஏற்கும் வேற்றுமையைப் பெயரடையும் ஏற்க வேண்டும். பாலிலும் எண்ணிலும்கூட அதனுடன் ஒத்துப்போக வேண்டும். பன்மையில் 'ஒம்னேஸ்' என்றால் எல்லாரும்; 'ஒம்னியா' என்றால் எல்லாப் பொருள்களும். நம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு நினைவுக்கு வருகிறதா? அது முழுமையாகப் பொருந்தாது. இலத்தீனில் மேசைகூடப் பெண்பால்தான்!

'எல்லாருக்கும்' என்னும் நான்காம் வேற்றுமை வடிவம் 'ஒம்னிபுஸ்'. இதில் 'ஒம்னி' பகுதி. 'புஸ்' நம் 'கு' போன்ற உருபு. உரோமானியர் முதல் அசையை அழுத்தி, 'ஐம்புலன்' என்பதில் வரும் 'பு'வைப் போல மூன்றாம் அசையைக் குறிலாக ஒலித்தனர். ஆங்கிலேயர் நாவில் அது 'ஆம்னிபஸ்' ஆயிற்று.

வண்டிக்கு ஏன் இந்தப் பெயர்? 1662ஆம் ஆண்டில், கணித அறிஞர் பாஸ்கலின் முயற்சியால் பாரிஸ் நகரில் குறித்த வழித்தடங்களில் குதிரை வண்டிகள் ஓடின. ஆனால், படைவீரர்களும் பணியாள்களும் அவற்றில் ஏறத் தடை இருந்தது. 1828இல் பாரிஸிலும் 1829இல் இலண்டனிலும் ஓடத் தொடங்கிய புதிய வண்டிகளில் அத்தகைய தடை இல்லை. இலண்டனில் முழுத்தொலைவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கூலித் தொழிலாளர்களுக்கு அது பெருந்தொகைதான். ஆயினும், கட்டணம் செலுத்தும் எவரும் ஏறலாம். 'எல்லாருக்கும்' என்ற பெயர் அந்த வண்டிகளுக்குப் பொருந்தியது.

நாளடைவில் மக்கள் அந்த நீண்ட சொல்லைச் சுருக்கினர். 'எல்லார்' போயிற்று, 'உக்கு' மட்டும் எஞ்சியது! தமிழ்நாட்டில் நெடுந்தொலைவு செல்லும் தனியார் பேருந்தை இன்றும் 'ஆம்னி பஸ்' என்பர். அங்கே பகுதியும் உருபும் பிரிந்து, இரு சொற்களாக அருகருகே நிற்கின்றன.